ஏழு பிள்ளைகளும் பதினொரு நிர்வாகிகளும்

எங்கள் பெண் பிள்ளைகளின் கூடைப்பந்துக் கழகத்தின் முதலாவது கூட்டத்தில் விளையாடுகிற பிள்ளைகள் ஏழு பேர், நிர்வாகிகள் பதினொரு பேர். நான் இரண்டு தரம் எண்ணினேன். போசகர் ஒருவர், தலைவர் ஒருவர், உபதலைவர்கள் இருவர், செயலாளர், உபசெயலாளர், பொருளாளர், கணக்காய்வாளர், செயற்குழு உறுப்பினர்கள் மூவர். பந்துகள் மூன்று. அவற்றில் ஒன்றில் காற்று நிற்காது.

கூட்டம் ரொறன்ரோவில், ஸ்காபரோவின் வடகிழக்கு மூலையில், ரூஜ் பகுதியில், என் மகன் புதிதாக வாங்கியிருந்த வீட்டின் வரவேற்பறையில் நடந்தது. கதிரை போதாமல் நான் மாடிப்படியில் இருந்தேன். பிள்ளைகள் ஏழு பேரும் வெளியே கராஜுக்கு முன்னால் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பழக்குகிறவள் என் மருமகள். அவள் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். பதினொரு பதவியில் ஒன்றுக்கும் அவளுடைய பெயரை ஒருவரும் சொல்லவில்லை. அவள் தட்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "ஜிம் எப்ப கிடைக்கும் அண்ணை?" என்று மட்டும் தலைவரைக் கேட்டாள்.

நான் ஊரில் புகையிரத நிலைய அதிபராக இருந்து ஓய்வு பெற்றவன். எண்ணுவது தொழிலால் வந்த வியாதி. பெட்டிகளை எண்ணாமல் வண்டியை அனுப்பினால் அன்று நித்திரை வராது. கனடாவில் எண்ணுவதற்கு வண்டி இல்லை. மேப்பிள் மரங்களை எண்ணினேன், பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வைக்கிற குப்பைப் பைகளை எண்ணினேன், வீட்டுக்கு வந்தவர்களின் சப்பாத்துகளை எண்ணினேன். மகன் சிரிப்பான். மருமகள் சிரிக்கவில்லை. அவள் அந்த வியாதிக்கு ஒரு வேலை கொடுத்தாள். அந்த வேலையைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

எல்லாம் தொடங்கியது ஒரு வளையத்தில். முந்திய வீட்டுக்காரர் கராஜ் கதவுக்கு மேலே ஒரு பலகையும் இரும்பு வளையமும் பூட்டி, கழற்றாமல் விட்டுப் போயிருந்தார். தொண்ணூறுகளின் நடுவில் ரொறன்ரோ நகரத்துக்குப் பெரிய கூடைப்பந்து அணி ஒன்று வந்தது. அதோடு எங்கள் தெருவில் மூன்று வீட்டுக்கு ஒரு பெடியன் ஊதா நிறச் சட்டையோடு திரிந்தான். பூங்காவில் இருந்த திடல் முழுவதும் பெடியன்களுடையது. பெண் பிள்ளைகள் கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வருவார்கள். என் பேத்தியும் அவர்களில் ஒருத்தி. அவள் எங்கள் வளையத்தில் தனியாக எறிந்து பழகுவாள்.

ஒரு பின்னேரம் மருமகள் தொழிற்சாலை வேலை முடிந்து வந்தாள். மருந்துப் பெட்டி அடைக்கிற வேலை, நாள் முழுக்க நின்றபடி. காலில் இரும்பு வைத்த வேலைச் சப்பாத்து. மகளிடம் பந்தைக் கேட்டு வாங்கினாள். அசையாமல் நின்றாள். குதிகாலை மட்டும் உயர்த்தி, ஒற்றைக் கையால், பலகையில் படாமல் வளையத்துக்கு நேர் மேலாக விட்டாள். உள்ளே போனது. பன்னிரண்டு தரம் எறிந்ததில் பதினொன்று போனது. நான் ஜன்னலால் எண்ணிக்கொண்டு நின்றேன்.

பேத்திக்கு அது பிடிக்கவில்லை. "அம்மா, போலை நிலத்தில தட்டோணும். யூ காண்ற் ஜஸ்ற் ஸ்ராண்ட் தெயர். இது பாஸ்கற்போல்."

"ஏன் தட்டோணும்? கையிலதானே கிடக்கு."

மருமகள் யாழ்ப்பாணத்தில் படித்த காலத்தில் பள்ளிக்கூட வலைப்பந்தாட்ட அணியில் இருந்தவள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கலியாணம் பேசியபோது சாதகமும் படிப்பும் கேட்டோம். இதை நாங்கள் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஊரில் பெண் பிள்ளைகள் விளையாடுகிற அந்த நெற்போலில் பந்தை நிலத்தில் தட்ட முடியாது. பந்தோடு ஓட முடியாது. கையில் வந்த பந்தை மூன்று எண்ணுவதற்குள் இன்னொருத்தியிடம் கொடுத்துவிட வேண்டும். வளையத்துக்குப் பின்னால் பலகையும் கிடையாது. அவளுடைய வேலை வளையத்துக்குக் கீழே நின்று போடுவது.

அந்தக் கோடையில் வேலிக்கு வெளியே நின்ற பிள்ளைகள் ஒவ்வொருவராக எங்கள் கராஜுக்கு முன்னால் சேர்ந்தார்கள். அவள் தனக்குத் தெரிந்த விளையாட்டையே பழக்கினாள். பிள்ளைகள் தட்டினால் விசில் ஊதி நிறுத்தினாள். பந்தோடு நின்றால், "மூண்டு எண்ணிப்போட்டன், குடு," என்றாள். பலகையில் பட்டு உள்ளே போன பந்தை அவள் கணக்கில் எடுக்கவில்லை. நான் நூலகத்திலிருந்து கூடைப்பந்து விதிப் புத்தகம் எடுத்து வந்து முழுவதும் வாசித்தேன். எனக்குப் பயம் பிடித்தது. பிள்ளைகளுக்கு வேறு விளையாட்டையல்லவா இவள் படிப்பிக்கிறாள்! குசினிக்குள் போய் அவளிடம் பக்கம் பக்கமாகக் காட்டினேன். தட்டலாம், தட்டிக்கொண்டு ஓடலாம், பலகையைப் பாவிக்கலாம்.

அவள் வெங்காயம் வெட்டுவதை நிறுத்தாமல் கேட்டாள். பிறகு சொன்னாள்: "ஏலும் எண்டுதானே மாமா போட்டிருக்கு. வேணும் எண்டு போடேல்லையே."

திரும்ப வாசித்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான்.

பனிக்காலம் வந்தால் வெளியே விளையாட முடியாது. பாடசாலை ஒன்றின் ஜிம்மை, அதாவது விளையாட்டு உள்ளரங்கைச் சனிக்கிழமை பின்னேரங்களில் வாடகைக்குக் கேட்டோம். பதிவு செய்த ஓர் அமைப்பாக வரவேண்டும், பொறுப்பானவர்கள் மூன்று பேர் வேண்டும் என்றார்கள். எங்கள் ஆட்களிடம் மூன்று பேர் என்று கேட்டால் பதினொரு பேர் வருவார்கள். ஏழு பிள்ளைகளின் தகப்பன்மார், இரண்டு மாமன்மார், ஊர்ச் சங்கத்தில் பதவி போன ஒருவர், அவரைத் தனியே விடக்கூடாது என்று கூட வந்த இன்னொருவர். இப்படித்தான் நான் முதலில் சொன்ன கூட்டம் கூடியது.

தலைவரைப் பற்றி நியாயமாக எழுதவேண்டும். அவர் மில்லிக்கன் பக்கம் பிளாசா ஒன்றில் மரக்கறிக் கடை வைத்திருந்தார். பெரிய குரல், பெரிய வான். மைக் கண்டால் விடமாட்டார். ஆனால் ஒரு சனிக்கிழமையும் தவறாமல் ஒரு பெட்டி தோடம்பழத்தைத் தானே வெட்டி, உப்புத் தூவி, பிள்ளைகளுக்குக் கொண்டுவருவார். ஒவ்வொரு பழத்தையும் நாலாக வெட்டுவார். ஆளுக்கு எத்தனை துண்டு வரும் என்று என்னிடம் கேட்டுத்தான் பெட்டியைத் திறப்பார்.

அரங்கத்தின் பராமரிப்பாளர் ஒரு போர்த்துக்கீசர். சிரித்து நான் கண்டதில்லை. முதல் நாள் எங்களைக் கண்டதும் வாளியும் துடைப்பமும் வைக்கிற அறையைக் காட்டி, தனக்கு முன்னால் வந்த குழுக்கள் எல்லாம் பனியும் வீதியில் கொட்டுகிற உப்பும் ஒட்டிய சப்பாத்துகளோடு ஏறி நிலத்தைக் கெடுக்கிறார்கள் என்று புறுபுறுத்தார். ஒவ்வொரு குழு போன பிறகும் அரை மணித்தியாலம் துடைக்கவேண்டியிருக்கிறதாம். அவர் சொல்லி முடிப்பதற்குள் எங்கள் ஆட்கள் வாசலிலேயே சப்பாத்துகளைக் கழற்றிவிட்டார்கள். ஒருவரும் சொல்லிக் கழற்றவில்லை. வீட்டுக்குள் போனாலும் கோயிலுக்குள் போனாலும் கழற்றுகிற பழக்கம்; பளபளவென்று மரத்தளம் கண்டதும் கை தன்பாட்டில் காலுக்குப் போயிருக்கிறது. பார்க்க வந்த தாய்மாரும் தகப்பன்மாரும் மேஸ் போட்ட காலோடு சுவரோரமாக வரிசையாக இருந்தார்கள். விளையாடுகிற பிள்ளைகள் பையில் கொண்டுவந்த வேறு சப்பாத்தை உள்ளே வந்து போட்டார்கள். அவர் வாசலில் கிடந்த குவியலைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், தன் அறைப் பக்கம் போனார். அன்றைக்கு வாசலில் இருபத்தாறு சோடி.

இரண்டாவது பனிக்காலத்தில் வாசலில் எண்பதைத் தாண்டியது. ஏழு பிள்ளைகள் பத்தொன்பது பேராகியிருந்தார்கள். பரதநாட்டிய வகுப்பையும் தமிழ் வகுப்பையும் இடம் மாற்றச் சொல்லி மருமகள் எத்தனை வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தாள் என்று எனக்குத் தெரியும். காற்சட்டை கட்டையாக இருக்கிறது என்று சொன்ன தாய்மாருக்கு, முழங்காலுக்குக் கீழே இறங்குகிறதைத் தானே வாங்கிக் காட்டினாள். நகர நடுவில் உள்ள சென் ஜேம்ஸ் ரவுணின் உயர்ந்த கட்டடங்களில் ஒன்றிலிருந்து மட்டக்களப்புத் தாய் ஒருத்தி தன் மகளைக் கூட்டிக்கொண்டு சப்வேயிலும் இரண்டு பஸ்ஸிலும் ஏறி வருவாள். அந்தப் பிள்ளைதான் எங்கள் எல்லாரிலும் உயரம். பஸ் பிந்தினால் நான் வாசலில் போய்ப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

எனக்குக் கிடைத்த வேலை புள்ளி மேசை. ஒரு நீட்டு மேசை, புள்ளி பதிகிற தாள், சுவரில் பெரிய மின் பலகை, அதை இயக்குகிற சின்னப் பெட்டி, பெட்டியில் ஒரு சிவப்புப் பொத்தான். அதை அமத்தினால் பஸர் ஊதும். ஊதினால் ஆட்டம் தொடங்கவேண்டும் அல்லது நிற்கவேண்டும். முதல் தடவை அதைத் தொடுமுன் மருமகளைத் திரும்பிப் பார்த்தேன். பச்சைக் கொடி பிடித்த கைக்கு இது பெரிய வேலை இல்லை என்று மருமகள் சொன்னாள். யார் போட்டது, யாருடைய கையிலிருந்து வந்தது என்று இரண்டையும் நான் பதிந்தேன். இரண்டாவதைப் பதியவேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. ஆனால் எங்கள் பிள்ளைகள் பந்தைக் கொடுக்கிற அழகைப் பதியாமல் விட எனக்கு மனம் வரவில்லை. ஒரு சனிக்கிழமை வளையத்துக்குள் போகுமுன் பந்து பதினான்கு கை மாறியது. ஒருதரமும் நிலத்தில் படவில்லை.

ஆனால் தங்களுக்குள்ளேயே எத்தனை நாள் விளையாடுவது? நகரத்தில் ஒழுங்கான லீக் ஒன்று இருந்தது. மருமகள் அதன் பொறுப்பாளருக்குத் தொலைபேசி எடுத்தாள். தனக்கு ஆங்கிலம் தடக்கும் என்று என்னை எடுக்கச் சொல்லிவிட்டு, நான் இலக்கங்களை அழுத்திக்கொண்டிருக்கும்போதே வாங்கித் தானே பேசினாள். பொறுப்பாளர் சொன்னது இதுதான்: இன்னொரு கழகத்தைத் தான் கூட்டிவருவார். எங்கள் அரங்கத்தில், எங்கள் ஆட்களே மேசையில் இருந்து, நான்கு பகுதியும் முழுதாக ஆடிய ஓர் ஆட்டத்தைத் தான் பார்க்கவேண்டும். வெல்லத் தேவையில்லை. ஒழுங்காக நடத்தி முடித்தால் சேர்த்துக்கொள்வார். அந்த மாதத்தோடு பட்டியல் மூடப்படும், அதற்குப் பிறகு அடுத்த வருடம்தான்.

அடுத்த வருடம் என்றால் எங்கள் மூத்த பிள்ளைகள் ஐந்து பேருக்கு அந்தப் பிரிவின் வயது கடந்துவிடும். சென் ஜேம்ஸ் ரவுண் பிள்ளை, என் பேத்தி, எல்லாரும் அதற்குள். அவர்கள் இல்லாமல் அணி இல்லை. கராஜுக்கு முன்னால் தொடங்கியது அதோடு முடிந்துவிடும். மருமகள் தொழிற்சாலையில் ஞாயிற்றுக்கிழமை வேலையை ஏற்றுச் சனியை விடுவித்து வைத்திருந்தவள். அவளுக்கு இது என்ன என்பதை அவள் வாயால் சொல்லவில்லை. அந்தக் கிழமை இரண்டு தரம் சோற்றைக் கரிய விட்டாள்.

ஆட்டம் என்று கேள்விப்பட்டதும் நிர்வாக சபை கூடியது. வெளி ஆட்கள் வருகிறார்கள், ஆகவே திறப்பு விழா வைக்கவேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். மருமகள் வேண்டாம் என்றாள். தலைவர் கேட்டார்: "வாற ஆக்கள் எங்களை என்ன நினைப்பினம் தங்கச்சி? விளக்கும் இல்லை, ஒரு வரவேற்பும் இல்லை எண்டு."

கடைசியில் பத்து நிமிடம் என்று அவள் ஒத்துக்கொண்டாள். நிகழ்ச்சி நிரலை என்னிடம் காட்டினார்கள். ஒன்பது அம்சங்கள். ஒன்பது அம்சம் பத்து நிமிடத்தில் எப்படி முடியும் என்று கேட்டேன். எல்லாம் சுருக்கமாக, ஐயா, என்றார்கள். அன்று முதல் எனக்கு நித்திரை இல்லை.

சனிக்கிழமை அரங்கம் ஒரு மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் எங்களுடையது. நாலரைக்கு வேறு குழு. பொறுப்பாளர் நேரத்துக்கு வந்தார். தலை நரைத்த, நெடிய வெள்ளைக்காரப் பெண்மணி, கழுத்தில் விசில். நடுவரும் அவர்தான். அவரோடு நகரத்தின் மேற்குப் பக்கத்திலிருந்து வந்த அணி, பத்துப் பிள்ளைகள், எங்கள் பிள்ளைகளிலும் ஒரு தலை உயரம். அவர்களும் வாசலில் குவிந்திருந்த சப்பாத்துகளைக் கண்டு தங்களுடையதைக் கழற்றினார்கள். நூற்றுப் பதின்மூன்று சோடி. தனிச் சப்பாத்து ஒன்று கிடந்ததால் மூன்று தரம் எண்ணவேண்டி வந்தது. அதன் சோடி மேசைக்குக் கீழே கிடந்தது.

உள்ளே நெருப்பு வைக்க முடியாது, எண்ணெய் சிந்தினால் மரத்தளம் பழுது என்று பராமரிப்பாளர் சொல்லிவிட்டார். ஆகவே குத்துவிளக்கை வெளியே நடைபாதையில் வைத்தார்கள். விளக்கேற்ற எல்லாரும் வெளியே போனார்கள். ஐந்து திரிக்கும் ஐந்து பிரமுகர்கள். பிறகு எல்லாரும் உள்ளே வந்தார்கள். தேவாரம், வரவேற்புரை, சின்னப் பிள்ளைகளின் நடனம். நடனத்தின் ஒலிநாடா சிக்கி, மறுபடி முதலிலிருந்து ஆடினார்கள். போசகரின் ஆசியுரையில் உடல் நலத்தின் அவசியம் விரிவாக வந்தது. விருந்தினர் அணியின் பிள்ளைகள் குளிராடையைப் போர்த்திக்கொண்டு தோடம்பழத் துண்டு சாப்பிட்டார்கள். பொறுப்பாளர் முதலில் புன்னகையோடு கை தட்டினார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

தலைவர் மைக்கை எடுத்தபோது இரண்டரை. முதலில் தமிழில் பேசினார். பிறகு விருந்தினருக்காக அதையே ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினார். கையில் இன்னும் தாள்கள் இருந்தன. என்னால் அவற்றை எண்ண முடிந்தது. ஆட்டம் நடந்து முடிய ஒன்றேகால் மணித்தியாலமாவது வேண்டும். இரண்டே முக்கால் ஆனபோது மருமகள் பிள்ளைகளை விட்டுவிட்டு மேசைக்கு வந்தாள்.

"மாமா, அமத்துங்கோ."

"பிள்ளை, அவர் பேசிக்கொண்டெல்லோ நிக்கிறார்."

"ஓம். அதுதான் அமத்தச் சொல்லுறன்."

நான் உத்தியோகத்தில் இருந்த காலத்தில் பெரிய மனிதர்களுக்காக வண்டியை நிறுத்தி வைத்திருக்கிறேன். மந்திரி ஒருவர் மேடைக்கு வந்தால் மாலை போட்டு, பேசி, புகைப்படம் எடுத்து முடியுமட்டும் கொடியைச் சுருட்டி வைத்துக்கொண்டு நிற்கவேண்டும். மேலிடத்து உத்தரவு. வண்டிக்குள் இருக்கிற சனம் ஜன்னலால் என்னைப் பார்க்கும். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது நான் வண்டியை விட்டது கிடையாது. இப்போது உத்தரவு என் மருமகளிடமிருந்து வந்திருந்தது. ஜன்னலால் பார்ப்பது போல எங்கள் பிள்ளைகள் ஓரத்து வாங்கில் குந்தியிருந்து என்னைப் பார்த்தார்கள்.

அமத்தினேன்.

அந்தப் பஸர் சின்னச் சத்தம் இல்லை. சுவரில் மோதித் திரும்பி வரும். ஒரு குழந்தை அழத் தொடங்கியது. தலைவர் வாயைத் திறந்தபடி நின்றார். ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கு அந்தச் சத்தத்துக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் தெரியும். குளிராடைகளை எறிந்துவிட்டு ஐந்து பேரும் நடு வட்டத்துக்கு ஓடினார்கள். விருந்தினர் அணியும் எழுந்து ஓடியது. பொறுப்பாளர் பந்தை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். தலைவர் தன்னைச் சுற்றி எல்லாரும் ஓடுவதைக் கண்டு, தாள்களை மடித்து, மைக்கை அணைத்துவிட்டுச் சுவரோரம் ஒதுங்கினார். பந்து மேலே போனது.

முதற் பகுதியில் மேற்கு அணிக்கு எங்கள் பிள்ளைகளை விளங்கவில்லை. அவர்கள் தட்டிக்கொண்டு வருகிற ஆளை மறிக்கப் பழகியவர்கள். எங்களிடம் தட்டுகிற ஆளே இல்லை. பந்து ஒரு கையில் வந்து மறு மூச்சில் இன்னொரு கையில் இருக்கும். அவர்கள் பந்துக்குப் பின்னால் ஓடினார்கள், பந்து அவர்களுக்கு முன்னால் போனது. சென் ஜேம்ஸ் ரவுண் பிள்ளை வளையத்துக்குக் கீழே அசையாமல் நின்று, குதிகாலை உயர்த்தி, பலகையில் படாமல் போட்டாள். மருமகளை அப்படியே பார்த்தது போல இருந்தது. இடைவேளையின்போது எங்களுக்கு ஐந்து புள்ளி கூட. நான் தாளில் மூன்று தரம் கூட்டிப் பார்த்தேன், சுவர்ப் பலகையோடு ஒத்துப்போனது.

மூன்றாம் பகுதியில் அவர்களுக்கு விளங்கிவிட்டது. ஆளுக்கு ஓர் ஆளாக ஒட்டிக்கொண்டார்கள். உயரம் வேலை செய்தது. எங்கள் பிள்ளைகளுக்கு முதல் தடவையாகத் தட்டவேண்டி வந்தது. என் பேத்தி தட்டினாள், நன்றாகவே தட்டினாள். தாய் பார்க்காத நேரங்களில் எங்கேயோ பழகியிருக்கிறாள். அந்தப் பகுதி முடிய இரண்டு அணியும் சமம்.

மணி நாலு ஆவதற்கு ஒரு நிமிடம். கடைசிப் பகுதி மிச்சம். பராமரிப்பாளர் வாளியை உருட்டிக்கொண்டு கதவடிக்கு வந்து நின்றார்.

பொறுப்பாளர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மருமகளைப் பார்த்தார். முழுதாக நான்கு பகுதி, அதுதான் விதி. மருமகள் மெதுவாக நடந்து பராமரிப்பாளரிடம் போனாள். என்ன கேட்டாள் என்று எனக்குக் கேட்கவில்லை. அவர் தலையை ஆட்டினார், மறுக்கிற ஆட்டம். அவர் கையால் கடிகாரத்தைக் காட்டினார். வாளியைக் காட்டினார். பிறகு நிலத்தைப் பார்த்தார். சுவரிலிருந்து சுவர் வரைக்கும் பார்த்தார். குனிந்து விரலால் தொட்டும் பார்த்தார். வாசல் பக்கம் திரும்பி அந்த நூற்றுப் பதின்மூன்று சோடியையும் பார்த்தார்.

பிறகு அவர் பொறுப்பாளரிடம் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. நாலு மணியிலிருந்து நாலரை வரைக்கும் இந்த நிலம் தன்னுடையது, துடைப்பதற்கு. இன்றைக்குத் துடைக்க ஒன்றுமில்லை. தன்னுடைய அரை மணித்தியாலத்தைத் தான் விரும்பியவர்களுக்குக் கொடுக்கலாம்.

வாளியைத் திருப்பி உருட்டிக்கொண்டு போய்ச் சுவரில் சாத்திவிட்டு, எங்கள் ஆட்களோடு வரிசையில் நின்றார். தலைவர் அவருக்கு நாலு துண்டு தோடம்பழம் கொடுத்தார். உப்புப் போட்டது என்று சொல்லவில்லை. அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு நாலையும் சாப்பிட்டார்.

நான் பஸரை அமத்தினேன். கடைசிப் பகுதியை என்னால் ஒழுங்காக எழுத முடியாது. எண்ணுவதும் பயப்படுவதும் ஒன்றாக நடந்தன. அவர்கள் மூன்று புள்ளி கூட இருந்தபோது எங்கள் பிள்ளைகள் பந்தை ஒன்பது கை மாற்றினார்கள். சனம் ஒவ்வொரு கைக்கும் சத்தம் போட்டு எண்ணத் தொடங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று நூறு பேர் சேர்ந்து எண்ணினார்கள். வாழ்நாள் முழுக்கத் தனியாக எண்ணியவன் நான். ஒன்பதாவது கையிலிருந்து எறிந்த பந்து வளையத்தின் விளிம்பில் சுற்றி வெளியே விழுந்தது. பஸர். மூன்று புள்ளியால் தோற்றோம்.

தாளைக் கூட்டி, கையெழுத்து வைத்து, பொறுப்பாளரிடம் கொடுத்தேன். அவர் அதைக் கனநேரம் பார்த்தார். போட்டவரின் பக்கத்தில் கொடுத்தவரையும் ஏன் பதிந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். எங்கள் கழகத்தில் அப்படித்தான் என்று சொன்னேன். அவர் மருமகளின் பக்கம் திரும்பினார். இவ்வளவு வருடத்தில் பந்து நிலத்துக்கு இவ்வளவு குறைவாக வந்த ஆட்டம் தான் பார்க்கவில்லை, இது எந்தப் பயிற்சி முறை என்று கேட்டார். அவள், எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட முறை என்றாள். நிமிர்ந்து நின்று சொன்னாள். ஆங்கிலம் தடக்கவில்லை. பொறுப்பாளர் கையை நீட்டி அவளுடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். சேர்த்துவிட்டார்.

பேத்தி தாயைக் கட்டிப்பிடித்து அழுதாள். தோற்றதற்கா சேர்ந்ததற்கா என்று நான் கேட்கவில்லை. சென் ஜேம்ஸ் ரவுண் தாய் சுவரோரம் இருந்தபடியே சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள்.

தலைவர் மேசைக்கு வந்து என் முன்னால் நின்றார். நான் எழும்பி மன்னிப்புக் கேட்க ஆயத்தமானேன்.

"ஐயா, இன்னும் நாலு பக்கம் கிடந்தது."

"ஆறு பக்கம். நான் எண்ணினனான்."

அவர் கையிலிருந்த தாள்களைப் பிரித்துப் பார்த்தார். ஆறுதான். "அப்ப இன்னும் கொஞ்சம் வெள்ளண அமத்தியிருக்கலாம்," என்றார். அவருடைய பெரிய குரலில் அவரே சிரித்தார், நானும் சிரித்தேன்.

பொறுப்பாளர் போகுமுன் ஒரு சிக்கலைச் சொன்னார். முதல் ஆட்டம் நகரத்தின் மேற்குக் கோடியில், காலையில். அதற்குப் பிறகும் பாதி ஆட்டங்கள் வெளியே. சில கழகங்கள் சேர்ந்த பிறகும் பிள்ளைகளைக் கொண்டுவர வாகனம் இல்லாமல் விட்டுப் போயிருக்கின்றன. உங்களால் முடியுமா என்று கேட்டார். மருமகள் சுவரோரம் நின்ற நிர்வாக சபையைப் பார்த்தாள். ஒவ்வொருவராகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அவர்கள் கால் மாற்றி நின்றார்கள்.

"எங்களிட்டைப் பதினொரு கார் இருக்கு," என்று அவரிடம் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, தமிழில் அவர்களிடம் திரும்பச் சொன்னாள்.

அதற்கு அடுத்த கூட்டத்தில் பதவிகள் எல்லாம் அப்படியே இருந்தன, வேலைகள் மாறின. உபதலைவர்கள் இருவரும் மில்லிக்கன் பிள்ளைகளை ஏற்றினார்கள். செயலாளர் விடியப் புறப்பட்டுப் போய்ச் சென் ஜேம்ஸ் ரவுண் தாயையும் மகளையும் கூட்டிவந்தார். கணக்காய்வாளருக்குத் தண்ணீர்ப் போத்தல்கள். போசகர் வயதானவர், காரோட்டப் பயம்; காரை மகனிடம் கொடுத்தார். அவர் அரங்கத்தின் வாசலில் நின்று சப்பாத்துக் கழற்றாமல் வருகிறவர்களை மறித்தார். அதை மிகக் கண்டிப்பாகச் செய்தார். தலைவரின் வானுக்குள் மரக்கறிப் பெட்டிகளை எடுத்துவிட்டு இருக்கை பூட்டினார்கள். வெங்காய மணம் கடைசி வரைக்கும் போகவில்லை.

அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கழகத்தில் ஆறு அணிகள் வந்துவிட்டன. வயது கடந்த அந்த ஐந்து பிள்ளைகளில் மூன்று பேர் சின்னப் பிள்ளைகளைப் பழக்க வந்தார்கள். எங்கள் பிள்ளைகள் இப்போது தட்டவும் செய்வார்கள், பலகையையும் பாவிப்பார்கள். ஆனால் வேறு அரங்கங்களில் அவர்களைக் கண்டதும், பந்து நிலத்துக்கு வராத அணி என்று சொல்லிக் காட்டுவார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் நான் யாராவது பக்கத்தில் இருக்கிறார்களா என்று பார்ப்பேன், பழக்கினது என் மருமகள் என்று சொல்வதற்கு.

எனக்கு மறக்காதது முதற் பயணம். பிளாசாவின் கார் தரிப்பிடத்தில் விடிய வெள்ளாப்பில் பத்துக் கார்களும் ஒரு வானும் வரிசையாகப் புகை விட்டுக்கொண்டு நின்றன. மெல்லிய பனி பெய்தது. ஆட்டத்துக்குப் பத்தொன்பது பிள்ளைகளும் வருவதாக ஏற்பாடு. விளையாடாதவர்கள் பார்க்க. நான் தொப்பியை இழுத்து மூடிக்கொண்டு ஒவ்வொரு வாகனமாகப் போய்க் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து எண்ணினேன். வால் பக்கம் தொடங்கி முன்னுக்கு வந்தேன். கூட்டினால் இருபது. திரும்பப் போய் எண்ணினேன். இருபதுதான்.

கடைசியில் வானுக்குள் கண்டுபிடித்தேன். பின் இருக்கையில் பேத்திக்குப் பக்கத்தில் எங்கள் தெருவில் எதிர் வீட்டுப் பிலிப்பினோப் பிள்ளை. பதிவும் இல்லை, சீருடையும் இல்லை. விளையாட்டுச் சப்பாத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். தாய்க்குச் சொல்லிவிட்டுத்தான் வந்தாளாம். எனக்குக் கணக்குக் குழம்பியது. மருமகள் முன் இருக்கையில் ஏறிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, ஒரு ஆள் கூட."

"கூடட்டும் மாமா," என்றாள் அவள். "கதவைச் சாத்திப்போட்டுக் கையைக் காட்டுங்கோ, நேரம் போகுது."